கம்பெனி போனும் பட்டன் போனும்: ஒரு சின்ன சரித்திரம்



விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பீர்கள். சிலரிடம் இரண்டு போன் இருக்கும். சட்டைப் பையில் பெரிய ஸ்மார்ட்போன். பேண்ட் பாக்கெட்டில் எழுத்தெல்லாம் தேய்ந்துபோன ஒரு பட்டன் போன். மருந்து கம்பெனி ரெப், தவணை வசூலுக்குப் போகிறவர், ரயில்வே ஊழியர், அங்கன்வாடி டீச்சர் என்று இந்தப் பட்டியல் நீளும். பெரியது வேலை கொடுத்தது. சின்னது அவரவர் காசில் வாங்கியது. வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் சின்னதுதான் அடிக்கும்.

இவர்களைப் பார்த்து நம்ம பசங்க சிரிப்பதுண்டு. "கையில 5ஜி போன் வச்சுக்கிட்டு இந்த டப்பாவை ஏன்யா சுமக்கிறாரு?" என்பார்கள். புது டெக்னாலஜிக்குப் பயம், பழகவில்லை, வயசாகிவிட்டது என்று நாமே காரணமும் சொல்லிவிடுவோம்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஆள் பெரிய போனில் பத்து நிமிடத்தில் இருபது ரசீது போடுகிறார். லொகேஷன் அனுப்புகிறார், போட்டோ ஏற்றுகிறார். அவருக்கா ஸ்மார்ட்போன் தெரியாது? தெரிந்துதான் இன்னொன்றைத் தனியாக வைத்திருக்கிறார். ஏன் என்று புரிய வேண்டுமானால், வேலை செய்கிறவன் கையில் முதலாளி ஒரு போனைக் கொடுக்கும் இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

(என்னடா இவன், பி.காம். படிச்சுட்டு சரித்திரம் பேச வந்துட்டானேன்னு நினைக்காதீங்க. கடைசியில் கணக்குக்கும் வருவேன் :-) )

சுவரில் இருந்த காலம்

இந்தியாவில் தந்தி 1850களில் வந்தது. சென்னை, பம்பாய், கல்கத்தாவில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் 1882ல் திறந்தார்கள். அந்தக் காலத்தில் வேலைக்கான கருவி என்பது வேலை செய்யும் இடத்தில் இருக்கும் ஒரு பொருள். தந்தி அடிக்கிறவர் தந்திக் கருவியை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. போகவும் முடியாது, அது கம்பியோடு கட்டிய பொருள்.

இதற்கு நம்ம ஊரைவிட நல்ல உதாரணம் கிடையாது. விழுப்புரம் பெரிய ரயில் ஜங்ஷன். பாண்டிச்சேரிக்குப் போகும் கிளைப் பாதை 1879லேயே போட்டாகிவிட்டது. திண்டிவனம், மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று வரிசையாக ஸ்டேஷன்கள். ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் பக்கத்து ஸ்டேஷன் மாஸ்டரைக் கேட்டு, அவர் "லைன் கிளியர்" கொடுத்தால்தான் வண்டியை விடலாம். இதற்கென்றே பிளாக் கருவியும் போனும் மேஜையில் இருக்கும். கேட் கீப்பர் குடிசையிலும் ஒரு போன்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த போன் ஆளுக்குச் சொந்தமானது அல்ல, பதவிக்குச் சொந்தமானது. ஷிப்ட் முடிந்ததும் அடுத்தவர் வந்து கையெழுத்துப் போட்டுப் பொறுப்பை வாங்கிக்கொள்வார். முந்தையவர் வீட்டுக்குப் போய்விடுவார். போன் அங்கேயே அடித்துக்கொண்டிருக்கும், எடுக்க வேறொருவர் இருப்பார். எவ்வளவு முக்கியமான வேலை! ஒரு அழைப்பைத் தவறவிட்டால் இரண்டு ரயில் மோதலாம். அப்படிப்பட்ட வேலையிலேயே "உன் நேரம் முடிந்தது, நீ போகலாம்" என்று சொல்ல ஒரு முறை இருந்தது. "அவசர வேலை, அதனால் எப்போதும் போனை எடுக்கணும்" என்று இன்று சொல்கிற மேனேஜர்கள் ஒரு ஸ்டேஷன் மாஸ்டரின் டியூட்டி ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்க்கலாம்.

வீட்டுக்குள் வந்த காலம்

அதற்கப்புறம் அதிகாரிகள், டாக்டர்கள் வீட்டுக்கு ஆபீஸ் செலவில் போன் வந்தது. அது ஒரு பெருமை. சாதாரண ஆள் போனுக்கு எழுதிப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் அது. வெளியூருக்குப் பேச டிரங்க் கால் புக் பண்ணிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். தெருவில் ஒரே வீட்டில் போன் இருந்தால் ஊரே அந்த நம்பரைத்தான் கொடுத்து வைக்கும். 1980களின் கடைசியில் மஞ்சள் போர்டு எஸ்.டி.டி. பூத்துகள் வந்த பிறகுதான் இந்த நிலைமை மாறியது.

ஆகவே "வேலை கொடுத்த போன்" என்றால் நம்மவர்கள் மனதில் முதலில் பதிந்தது மரியாதைதான். கொடுத்தால் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? இன்றைக்கும் புது வேலையில் சேர்ந்த பையன் "கம்பெனில போன் குடுத்திருக்காங்க" என்று வீட்டில் பெருமையாகச் சொல்வது அந்தப் பழைய நினைப்பின் மிச்சம்தான்.

1990களின் நடுவில் பேஜர் வந்தது. இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொள்ளும் சின்னப் பெட்டி. செய்தி வரும், பதில் அனுப்ப முடியாது. "உடனே ஆபீஸுக்குப் போன் செய்" என்று வந்தால் பூத் தேடி ஓட வேண்டும். விற்பனைப் பிரதிநிதிகளும் டாக்டர்களும் அதிகம் வைத்திருந்தார்கள். சில வருஷத்திலேயே செல்போன் அதை விழுங்கிவிட்டது. ஆனால் சரித்திரத்தில் பேஜருக்கு ஓர் இடம் உண்டு. வேலை முதன்முதலாக ஆளின் உடம்போடு ஒட்டிக்கொண்டது அதில்தான்.

பட்டன் போன் நம்மதான்

1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அதுதான் இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு. அப்போது வருகிற அழைப்புக்கும் காசு! 2002 அக்டோபரில் பி.எஸ்.என்.எல். செல்போன் சேவை வந்தது. 2003ல் அழைப்பவர் மட்டும் பணம் கட்டினால் போதும் என்ற முறை வந்தது. மிஸ்டு கால் என்ற மகத்தான கலை நம்ம நாட்டில் வளர்ந்தது அதற்கப்புறம்தான் :-)

அதே 2003ல் நோக்கியா 1100 வந்தது. டார்ச் லைட், தூசி புகாத கீபேட், நாள்கணக்கில் நிற்கும் சார்ஜ். உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்ற போன் அது. கரண்ட் கட் ஆகும் ஊரில், கரும்புக் கொல்லைக்கு ராத்திரி தண்ணீர் கட்டப் போகிறவனுக்கு டார்ச்சோடு ஒரு போன் என்றால் சும்மாவா?

இன்னொரு விஷயம். 2006ல் நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை திறந்தது. வட தமிழ்நாட்டுக் கிராமங்களின் ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, அது முதல் வேலை. உலகத்துக்கே பட்டன் போன் நம்ம மாநிலத்திலிருந்து போனது. 2013ல் வரித் தகராறு வந்தது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் போன் வியாபாரத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்தத் தொழிற்சாலை அந்த பேரத்தில் சேரவில்லை. 2014 நவம்பரில் உற்பத்தி நின்றது. வேலை இழந்தவர்கள் கதை தனியாக எழுத வேண்டிய ஒன்று.

இங்கே நான் சொல்ல வருவது இதுதான். எங்கள் பக்கத்து ஜனங்களுக்குப் பட்டன் போன் என்பது வேலை கொடுத்ததில்லை. தன் கூலியில் தானே வாங்கிய முதல் கருவி. யாருக்கு எடுப்பது, யாருக்கு எடுக்காமல் விடுவது என்று முடிவு பண்ணுகிற உரிமை அதோடு சேர்ந்தே வந்தது.

பிளாக்பெர்ரி செய்த வேலை

வேலை கொடுக்கும் ஸ்மார்ட்போனின் கதை கனடாவில் தொடங்குகிறது. ரிசர்ச் இன் மோஷன் என்ற கம்பெனி 1999ல் பிளாக்பெர்ரி என்ற பெயரில் ஈமெயில் வரும் பேஜர் ஒன்றை விற்க ஆரம்பித்தது. பேஜரில் இல்லாத ஒன்று இதில் இருந்தது. பதில் அனுப்பலாம். பதில் அனுப்ப முடியும் என்று ஆகிவிட்டால், "ஏன் அனுப்பவில்லை?" என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும் அல்லவா?

கம்பெனிகள் மொத்தமாக வாங்கி ஊழியர்களுக்குக் கொடுத்தன. சாப்பாட்டு மேஜையில், படுக்கையில், கல்யாண வீட்டில் எல்லாம் குனிந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். போதை மருந்தின் பெயரோடு சேர்த்து 'கிராக்பெர்ரி' என்று கிண்டல் பண்ணினார்கள். வெப்ஸ்டர்ஸ் நியூ வேர்ல்ட் அகராதிக்காரர்கள் 2006ல் அந்த வருஷத்தின் சொல்லாக அதையே தேர்ந்தெடுத்தார்கள். இந்தியாவுக்கு பிளாக்பெர்ரி 2004ல் ஏர்டெல் வழியாக வந்தது. அப்போது அது பெரிய மேனேஜர்களின் பொருள். நம்ம மாதிரி ஊருக்கு வர இன்னும் பத்து வருஷம் ஆனது. வரும்போது மேனேஜருக்கு வரவில்லை, கீழ்மட்ட ஊழியருக்கு வந்தது.

சிம் மாறினால் போனும் மாறும்

விழுப்புரத்தில் ரயில்வே குடும்பங்கள் அதிகம் என்பதால் 'சி.யு.ஜி. நம்பர்' என்ற வார்த்தை இங்கே எல்லோருக்கும் தெரியும். ரயில்வே தன் ஊழியர்களுக்குக் கொடுக்கும் சிம் கார்டு அது. ஒரு குழுவுக்குள் எவ்வளவு பேசினாலும் தனிக் காசு இல்லை. நாடு முழுக்க சுமார் 2 லட்சம் இணைப்புகளை ஏர்டெல் வைத்திருந்தது. 2019 ஜனவரி 1 முதல் அது ஜியோவுக்கு மாறியது.

இதில் என்ன சரித்திரம் என்கிறீர்களா? 2016 செப்டம்பரில் தொடங்கிய ஜியோவிடம் 2ஜி கிடையாது. தொடங்கும்போது வெறும் 4ஜிதான். ஆகவே பழைய 2ஜி பட்டன் போனில் அந்த சிம்மைப் போட்டால் வேலை செய்யாது. "நீங்கள் ஸ்மார்ட்போன் வாங்கித்தான் ஆக வேண்டும்" என்று யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை. சிம்மை மாற்றினால் போதும், போன் தானாக மாறிவிடும். (2017ல் வந்த ஜியோபோன் மாதிரி 4ஜி பட்டன் போன்கள் இருக்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். வழி முழுசாக அடைபடவில்லை.)

டெக்னாலஜியில் பெரும்பாலான கட்டாயங்கள் இப்படித்தான் வருகின்றன. உத்தரவு இருக்காது, வேறு வழியும் இருக்காது.

அங்கன்வாடி டீச்சர்கள் திருப்பிக் கொடுத்த போன்

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருகிறோம். இந்தியாவில் வேலை கொடுத்த ஸ்மார்ட்போன் அதிகமாகப் போய்ச் சேர்ந்தது ஐ.டி. கம்பெனிக்காரர்களிடம் என்று நினைப்போம். கிராமத்துப் பெண்களிடமும் லட்சக்கணக்கில் போயிருக்கிறது.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கியது. அங்கன்வாடி என்ற பெயர் ஊருக்குள் வந்தது அதனால்தான். குழந்தையை எடை போடுவது, ரிஜிஸ்டரில் எழுதுவது, கர்ப்பிணிப் பெண்களைப் பார்ப்பது எல்லாம் அந்த டீச்சர் வேலை. வகை வகையாகப் பதினொரு ரிஜிஸ்டர்கள். 2018 மார்ச் 8 அன்று ராஜஸ்தானின் ஜுன்ஜுனு என்ற ஊரில் பிரதமர் மோடி போஷண் அபியான் திட்டத்தைத் தொடங்கினார். அதன் கீழ் அங்கன்வாடி ஊழியர்களுக்கு ஸ்மார்ட்போன் கொடுக்க ஆரம்பித்தார்கள். ரிஜிஸ்டர் சுமையைக் குறைப்பதுதான் நோக்கம். நல்ல நோக்கம்தான், அதில் சந்தேகமில்லை. 2021 மார்ச்சில் 'போஷண் டிராக்கர்' என்ற புது செயலி வந்தது.

2021 ஆகஸ்டில் மகாராஷ்டிராவில் ஆயிரக்கணக்கான அங்கன்வாடி ஊழியர்கள் அந்த போன்களை மூட்டை கட்டி எடுத்துப்போய் அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் சொன்ன காரணங்களைப் பாருங்கள். போனில் 2 ஜி.பி. ராம்தான், புது செயலியைத் தாங்கவில்லை. சூடாகிறது, நின்றுபோகிறது. உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது, ரிப்பேர் செலவு நம் தலையில் விழுகிறது. செயலி இங்கிலீஷில் இருக்கிறது, எங்களுக்கு மராத்தி வேண்டும். எதிலும் 'எங்களுக்கு ஸ்மார்ட்போன் தெரியாது' என்பது கிடையாது. வேலை செய்யத் தெரிந்தவர்கள், கருவி சரியில்லை என்று சொல்கிறார்கள். கொத்தனார் கரண்டி உடைந்தால் சொல்வதில்லையா? அது மாதிரிதான்.

ஹரியானாவில் அதே 2021ல் வேறொரு பிரச்சினை. ஆஷா பணியாளர்களுக்குக் கொடுத்த போனில் 'எம்.டி.எம். 360 ஷீல்டு' என்ற செயலியை ஏற்றச் சொன்னார்கள். போன் எங்கே இருக்கிறது, அதில் என்ன இருக்கலாம் என்பதைத் தூரத்திலிருந்தே கட்டுப்படுத்தும் வகைச் செயலி அது. "எங்களைக் கண்காணிக்கவா?" என்று பலர் ஏற்ற மறுத்தார்கள். பெண்கள் கூட்டமாகச் சேர்ந்து இப்படிக் கேட்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நம்ம காலேஜில் ஒரு ஆப் கேட்கும் அனுமதிக்கெல்லாம் படிக்காமலேயே 'ஓகே' தட்டுகிறோமே!

கொடுக்காமலேயே கேட்டால்?

இதற்கு நேர் எதிரான கதை நம்ம மாவட்டத்திலேயே உண்டு. 100 நாள் வேலைத் திட்டம் 2006 பிப்ரவரியில் நாட்டின் 200 மாவட்டங்களில் தொடங்கியபோது, முதல் பட்டியலிலேயே விழுப்புரம் இருந்தது. ஜனங்கள் 'ஏரி வேலை' என்பார்கள். வருகைப் பதிவு பேப்பரில். பெயரைக் கூப்பிட்டால் கையெழுத்து அல்லது கைநாட்டு.

2021ல் என்.எம்.எம்.எஸ். என்ற செயலி வந்தது. 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் பணித்தளத்துக்கும் கட்டாயம். பணித்தளப் பொறுப்பாளர் ஒரு நாளில் இரண்டு முறை வேலையாட்களைப் போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும். இதற்கு ஸ்மார்ட்போன் வேண்டும். ஆனால் போன் கொடுக்கப்படவில்லை! தன் போன், தன் டேட்டா. தினக்கூலி வேலைக்கு வரும் பெண் கையில் வைத்திருந்த பட்டன் போன் அன்றோடு தகுதி இழந்தது. ஏரிக்கரையில் டவர் கிடைக்கவில்லை என்றால் வெயிலில் நின்று போனைத் தூக்கித் தூக்கிப் பார்க்க வேண்டும்.

சரி, இவ்வளவு செய்து மோசடி நின்றதா? 2025 ஜூலையில் மத்திய அமைச்சகமே ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. வேலைக்குச் சம்பந்தமில்லாத போட்டோ ஏற்றுவது, போட்டோவையே மறுபடி போட்டோ எடுத்து ஏற்றுவது என்று செயலியை ஏமாற்றும் விதங்கள் அதில் வரிசையாக இருந்தன. பேப்பரில் பொய் எழுதத் தெரிந்தவனுக்கு போனிலும் தெரியும் என்பதுதான் இதில் கிடைத்த பாடம். (2005ல் வந்த அந்த வேலை உறுதிச் சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் வேறு சட்டம் நிறைவேற்றிவிட்டது. அது தனிக் கதை.)

எதிர்க்கட்சி வாதமும் கேட்போம்

ஒரு பக்கம் மட்டும் பேசினால் நியாயமில்லை. வேலை கொடுத்த ஸ்மார்ட்போனால் நன்மையே இல்லையா? இருக்கிறது. பத்து ரிஜிஸ்டர் எழுதும் கை வலி குறையும். எடை குறைந்த குழந்தையின் விவரம் மாதக் கடைசி வரை காத்திருக்காமல் மேலே போகும். "நீ அந்த வீட்டுக்குப் போகவே இல்லை" என்று சூப்பர்வைசர் குற்றம் சொன்னால், போனதற்கு ஆதாரம் காட்டலாம். போஸ்ட்மேன் கையில் போனும் கைரேகைக் கருவியும் வந்ததால், 2018 செப்டம்பரில் தொடங்கிய அஞ்சல் பேமெண்ட்ஸ் வங்கி வழியாக முதியோர் வீட்டு வாசலிலேயே பணம் எடுக்க முடிகிறது. கூட்டேரிப்பட்டுக்குப் போய் பேங்க் வரிசையில் நிற்க முடியாத ஒரு கிழவிக்கு அது சின்ன விஷயமா?

ஆகவே ஸ்மார்ட்போனே வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. பட்டன் போன்காரர் கட்சியும் அதுவல்ல. என் சித்தப்பா ஒரு தனியார் கம்பெனிக்குத் தவணை வசூல் பண்ணுகிறார். இரண்டு போன் வைத்திருக்கிற ஆள்தான். "ஏன் சித்தப்பா, ரெண்டு சிம்மையும் ஒரே போன்ல போட்டுக்கலாம்ல?" என்று ஒரு தடவை கேட்டேன். "டேய், அது கம்பெனி போன். வேலை விட்டா குடுத்துடணும். இது வீட்டு போன். ஆயாவுக்கு இந்த நம்பர் மட்டும்தான் மனப்பாடம்" என்றார். அவ்வளவுதான். ராத்திரி எட்டு மணிக்கு மேல் பெரிய போனை அலமாரியில் வைத்துவிடுவார். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் சின்ன போன் அடிக்கும். எது அவசரம் எது அவசரமில்லை என்று பிரிக்க அவருக்கு எந்த ஆப்பும் தேவைப்படவில்லை.

சட்டம் என்ன சொல்லுது?

சித்தப்பா அலமாரியில் செய்ததை ஜெர்மனியில் வோக்ஸ்வாகன் கார் கம்பெனி 2011ல் சர்வரிலேயே செய்தது. தொழிற்சங்கத்தோடு பேசி ஒரு ஏற்பாடு. ஷிப்ட் முடிந்து அரை மணி நேரத்தில் கம்பெனி கொடுத்த பிளாக்பெர்ரிக்கு மெயில் போவது நிற்கும். மறுநாள் ஷிப்டுக்கு அரை மணி முன்னால் மறுபடி தொடங்கும். பேசுவதற்கு போன் வேலை செய்யும், மெயில் மட்டும் வராது. பெரிய அதிகாரிகளுக்கு இது பொருந்தாது.

பிரான்சில் 2017 ஜனவரி 1 முதல் இது சட்டமாகவே வந்தது. 50 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள், வேலை நேரத்துக்கு வெளியே தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை பற்றி ஊழியர்களோடு பேசி முடிவு செய்ய வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் இதே மாதிரி ஒரு சட்டம் அமலானது.

இந்தியாவில்? சுப்ரியா சுலே எம்.பி. 2018 டிசம்பரில் மக்களவையில் தனிநபர் மசோதாவாக இதைக் கொண்டுவந்தார். 2025 டிசம்பரில் மறுபடியும் கொண்டுவந்தார். ஆனால் 1970க்கு அப்புறம் நம்ம நாடாளுமன்றத்தில் எந்தத் தனிநபர் மசோதாவும் சட்டமானதில்லை. ஆகவே அதை நம்பி யாரும் போனை அணைத்துவிட வேண்டாம்!

கணக்குப் பதிவேட்டில் வராதது

இப்போது நம்ம பாடத்துக்கு வருவோம். ஒரு கம்பெனி ஊழியருக்காக போன் வாங்கினால் என்ன நடக்கும்? சொத்துக் கணக்கில் பற்று, ரொக்கத்தில் வரவு. வருஷா வருஷம் தேய்மானம். டேட்டா ரீசார்ஜ் வருவாய்ச் செலவு. 1961ஆம் வருட வருமான வரிச் சட்டத்தின் விதிகளில், முதலாளி கட்டும் ஊழியரின் போன் செலவு 'பெர்க்விசிட்' வரியிலிருந்து விலக்கு பெற்றிருந்தது. அதாவது சம்பளத்தோடு கூடக் கிடைக்கும் ஒரு சலுகை, அதற்கு ஊழியர் வரி கட்ட வேண்டியதில்லை. எவ்வளவு சுத்தமான கணக்கு! ஒரு ரூபாய் கூடத் தப்பாது.

ஆனால் ராத்திரி ஒன்பதரைக்கு குரூப்பில் "நாளைக்கு டார்கெட் என்ன?" என்று வருகிற மெசேஜுக்கு, சாப்பிடுகிற கையைக் கழுவிவிட்டு வந்து பதில் போடுகிறாரே, அந்தப் பத்து நிமிடம் எந்த லெட்ஜரில் ஏறுகிறது? எதிலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை லொகேஷன் ஆன் ஆகியே இருக்கிறதே, அதற்கு வவுச்சர் உண்டா? கிடையாது. ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு என்று முதல் வருஷம் முதல் வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். இங்கே ஒரு பக்கம் மட்டும்தான் எழுதப்படுகிறது. போன் கம்பெனி கொடுத்தது என்பது தெரிகிறது. பதிலுக்கு ஊழியர் என்ன கொடுத்தார் என்பது தெரிவதில்லை.

ஸ்டேஷன் மாஸ்டர் காலத்தில் இந்தக் கணக்கு டியூட்டி ரிஜிஸ்டரில் இருந்தது. பொறுப்பு ஒப்படைத்த நேரம் என்று ஒரு கட்டம், அதில் ஒரு கையெழுத்து. போன் சுவரிலிருந்து இறங்கி இடுப்புக்கும் பாக்கெட்டுக்கும் வந்தபோது அந்தக் கட்டம் காணாமல் போனது. அதைத் தன் கையால் மறுபடி வரைந்துகொள்கிறவர்தான் அந்த இரண்டு போன் ஆசாமி. அவர் சுமக்கும் டப்பாவின் மதிப்பு ஆயிரம் ரூபாய் இருக்குமா? அதைக் கொண்டு அவர் காப்பாற்றுவது ஒவ்வொரு நாளும் சில மணி நேரம்.

நமக்கு என்ன?

இதை ஏன் இவ்வளவு நீட்டி முழக்குகிறேன் என்றால், அடுத்த வருஷம் இந்நேரம் நம்ம வகுப்பில் பாதிப் பேர் ஏதாவது பேங்க், பைனான்ஸ், மார்க்கெட்டிங் வேலையில் இருப்போம். முதல் நாள் ஐ.டி. கார்டோடு ஒரு போனும் கொடுப்பார்கள். எல்லோரும் செல்ஃபி எடுத்துப் போடுவோம் :-)

போடுவதற்கு முன்னால் நாலு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். டேட்டா, ரிப்பேர் செலவு யாருடையது? தொலைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்களா? லொகேஷன் எத்தனை மணி வரை ஆனில் இருக்க வேண்டும்? வேலை நேரத்துக்கு அப்புறம் அணைத்து வைக்கலாமா? பதிலை முடிந்தால் மெயிலில் வாங்கி வையுங்கள்.

இன்னும் சில. உங்கள் சொந்த பேங்க் கணக்கு, குடும்பப் போட்டோ, சொந்த மெயில் எதையும் அந்த போனில் ஏற்றாதீர்கள். அது உங்கள் பொருள் இல்லை, ஒரு நாள் திருப்பிக் கொடுக்க வேண்டியது. ஆதார், பேங்க் ஓ.டி.பி. எல்லாம் வரும் நம்பர் உங்கள் பெயரில் வாங்கிய சிம்மாக இருக்கட்டும். கம்பெனி சிம்மில் அதை இணைத்துவிட்டு வேலையை விட்டால் அப்புறம் அலைச்சல்தான். அந்த சொந்த சிம்மை ஒரு பட்டன் போனில் போட்டு வைத்துக்கொள்ளலாம். 2022 மார்ச்சில் வந்த யு.பி.ஐ. 123பே மூலம் பட்டன் போனிலும் பணம் அனுப்ப வழி இருக்கிறது. ஆகவே "பட்டன் போன்ல என்ன பண்ண முடியும்?" என்று யாராவது கேட்டால் பதில் சொல்லலாம்.

மகாராஷ்டிரா அங்கன்வாடி டீச்சர்கள் தனியாக ஒருவராகப் போயிருந்தால் "போன் ரிப்பேரா? உன் காசில் சரி பண்ணிக்கோ" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். சேர்ந்து போனதால்தான் அது செய்தியானது. இதையும் மறக்காதீர்கள்.

அப்புறம், பஸ் ஸ்டாண்டில் பட்டன் போன் வைத்திருப்பவரைப் பார்த்தால் இனி சிரிக்காதீர்கள் நண்பர்களே. அந்தப் பெரிய போனை அவர் ராத்திரி எத்தனை மணிக்கு அணைக்கிறார் என்று கேட்டு வையுங்கள். வேலைக்குப் போகும்போது உதவும்.